இரண்டாவது புரொசெசர் வேலை செய்த ஒன்பது நாட்கள்

1. கனகசபை அங்கிள் கூப்பிடாத காலை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு என் மேசைத் தொலைபேசி அடித்தது. அழைத்தவர் ஸ்ரெல்லா அன்ரி. எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் அவசர அழைப்பு நிலையம் ஒன்றில் அவர் பகல்நேர ஒப்பரேட்டர்.

"பிள்ளை, கனகசபையர் இண்டைக்குக் கூப்பிடேல்லை," என்றார்.

நல்ல செய்திதானே என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நிலையம் என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பகலில் வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்கள் கழுத்தில் ஒரு பட்டன் போட்டிருப்பார்கள். விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அதை அமத்த வேண்டும். வீட்டில் உள்ள பெட்டி தொலைபேசி வழியாக நிலையத்துக்குத் தானே டயல் செய்யும். ஒப்பரேட்டரின் திரையில் பெயரும் விலாசமும் வரும். ஒப்பரேட்டர் பெட்டியின் ஒலிபெருக்கி வழியாகப் பேசுவார். தேவையென்றால் அம்புலன்ஸ் அனுப்புவார். அழைப்பை வாங்கித் திரையில் காட்டும் மென்பொருளை எழுதியது எங்கள் கம்பனி. கனடாவில், ஸ்டீல்ஸ் வீதிக்குப் பக்கத்தில், மில்லிக்கனில், ஒரு பிளாசாவின் மேல்மாடியில் பதினொரு பேர் வேலை செய்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தைந்து வயது. வேலையில் மூன்றாவது வருஷம்.

கனகசபை அங்கிள் மோர்னிங்சைட்டில் ஒரு அப்பார்ட்மென்டில் மகனோடு இருந்தார். மகன் வேலைக்குப் போனதும், எட்டரைக்கு, அவர் ஒவ்வொரு நாளும் பட்டனை அமத்துவார். விழுந்ததால் அல்ல. தான் இருப்பதைச் சொல்வதற்கு. இது அவசரத்துக்கு மட்டும் என்று நிலையம் மகனுக்கு இரண்டு தரம் கடிதம் போட்டிருந்தது. பலனில்லை. காலையில் தமிழ் தெரிந்த ஒரே ஒப்பரேட்டர் என்பதால் அன்ரிதான் அந்த அழைப்பை எடுப்பார். "இருக்கிறியளோ?" "இருக்கிறன்." அவ்வளவுதான் பேச்சு.

அன்று அழைப்பு வரவில்லை. ஒன்பது மணிக்கு அன்ரி பயந்துபோய் அவருடைய வீட்டுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். அவர் நல்ல கோபத்தில் இருந்தாராம். தான் அமத்தியதாகவும், அழைப்பு கிடைத்துவிட்டது பொறுங்கள் என்று பெட்டியும் வழக்கம்போலச் சொன்னதாகவும், அரை மணித்தியாலமாகப் பொறுத்துக்கொண்டு இருப்பதாகவும் சொல்லியிருக்கிறார். போன வெள்ளிக்கிழமையும் இப்படித்தானாம். தன்னில் எல்லோருக்கும் சலிப்பு வந்துவிட்டது போல என்று நினைத்துப் பேசாமல் விட்டாராம்.

"அந்தாள் அலுப்புத் தருமே தவிர பொய் சொல்லாது," என்றார் அன்ரி. "என்ரை ஸ்கிரீனிலை ஒண்டும் வரேல்லை. எனக்கு ஒண்டை மட்டும் சொல்லு பிள்ளை. இப்ப ஆரேனும் விழுந்து கிடந்து அமத்தினால் எனக்குத் தெரியவருமோ, வராதோ?"

திருப்பி எடுக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த நிலையத்தில் புதிய பதிப்பைப் போட்டவள் நான்.

2. நான் என்ன மாற்றினேன்

வேலைக்குப் போகவிருக்கும் நீங்கள் த்ரெட் என்பதைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும் பல வேலைகள். எங்கள் புரோகிராமில் ஆறு இருந்தன: உள்ளே வரும் நான்கு தொலைபேசி லைன்களுக்கு ஆளுக்கு ஒன்று, திரைகளுக்கு அனுப்ப ஒன்று, அம்புலன்ஸ் அலுவலகத்துக்கு மொடெம் மூலம் டயல் செய்ய ஒன்று.

பழைய பதிப்பில் இவை ஆறும் யூசர் லெவல் த்ரெட்கள். இதை நான் புதியவர்களுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் ஆறு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். தொலைபேசி லைன் ஒன்றுதான். தொலைபேசிக் கம்பனிக்கு அங்கே ஆறு பேர் இருப்பது தெரியாது. ஒரு வாடிக்கையாளரைத்தான் தெரியும். யார் எப்போது பேசுவது என்று ஆறு பேரும் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்வார்கள். யூசர் லெவல் த்ரெட்கள் அப்படித்தான். ஒப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதியான கேர்னலுக்கு அந்த ஆறும் தெரியாது. முறை வைப்பது புரோகிராமுக்குள் இருக்கும் ஒரு லைப்ரரி.

இதில் இரண்டு குறைகள்.

ஒன்று: ஒருவர் குடிவரவு அலுவலகத்துக்கு எடுத்து ஹோல்டில் நின்றால் மற்ற ஐந்து பேரும் நிற்க வேண்டும். எங்கள் புரோகிராமில் மொடெம் டயல் செய்து மறுமுனைக்காகக் காத்திருக்கும் இருபது செக்கனும் மற்ற த்ரெட்கள் எல்லாம் உறைந்துபோகும்.

இரண்டு: தொலைபேசிக் கம்பனி இரண்டாவது லைன் போட்டுக் கொடுத்தாலும் பயனில்லை. புரொசெசரைப் பங்கிட்டுக் கொடுக்கும் கேர்னலின் ஸ்கெடியூலருக்கு எங்கள் புரோகிராம் ஒரே ஆள் என்பதால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு புரொசெசரைத்தான் கொடுக்கும். உறைகிறது, உறைகிறது என்று முறையிட்டுப் பார்த்த நிலையம், கடைசியில் இரண்டு புரொசெசர் உள்ள புதிய யுனிக்ஸ் சேர்வர் ஒன்றை வாங்கியது. ஒன்றும் மாறவில்லை. இரண்டாவது புரொசெசர் சும்மா இருந்தது. அவர்களுடைய மேலாளர் அதன் வேலை பூச்சியம் என்று திரையில் பார்த்துவிட்டு எங்கள் முதலாளி கென்னுக்கு எடுத்து, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

அந்த வேலை எனக்கு வந்தது. ஆறு த்ரெட்களையும் கேர்னல் லெவலுக்கு மாற்றினேன். ஆளுக்கு ஒரு லைன் எடுத்துக் கொடுத்ததுபோல. இப்போது கேர்னலுக்கு ஆறு பேரையும் தெரியும். ஒருவர் காத்திருந்தால் மற்றவரை ஓட விடும். இரண்டு புரொசெசரிலும் இரண்டு பேரை ஒரே கணத்தில் ஓட விடும். எங்கள் அலுவலக இயந்திரத்தில் நான்கு நாள் ஓட்டிப் பார்த்தேன். ஒரு அழைப்பும் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்டோம். உறைவது நின்றுவிட்டது. இரண்டு புரொசெசரும் வேலை செய்தன. கென் எல்லோருக்கும் பீட்சா வாங்கிக் கொடுத்தார்.

எங்கள் அலுவலக இயந்திரத்தில் இருந்தது ஒரு புரொசெசர். இரண்டு புரொசெசருக்கான புரோகிராமை ஒரு புரொசெசரில் சோதித்து, சரி என்று கையெழுத்து வைத்தேன். அந்த நாளில் இந்தத் தொழிலில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். இரண்டு புரொசெசர் இயந்திரம் வாடிக்கையாளரிடம்தான் இருக்கும், எங்களிடம் இராது.

3. வேண்டுமென்றே வைத்த தூக்கம்

தொலைபேசியை வைத்துவிட்டு ஒரு தாளில் எழுதினேன்.

பெட்டி பழுதா? இல்லை, அது பதில் சொல்லியிருக்கிறது.
தொலைபேசி லைன் பழுதா? இல்லை, அப்படியென்றால் பெட்டிக்குப் பதில் கிடைத்திராது.
திரை பழுதா? அன்ரி பார்த்தது ஒரு திரை. பக்கத்துத் திரையிலும் இல்லை.
மீதி: பெட்டிக்குப் பதில் சொன்னதற்கும் திரைக்கு அனுப்புவதற்கும் இடையில் உள்ள எங்கள் புரோகிராம் கோட்.

அந்த இடையில் இருந்தது ஒரு வரிசை. வரும் அழைப்புகளை லைன் த்ரெட்கள் அதில் எழுதும். திரை த்ரெட் அதிலிருந்து எடுக்கும். அடுத்த காலி இடம் எது என்பதற்கு ஒரு எண் உண்டு. எண்ணைப் பார், அந்த இடத்தில் எழுது, எண்ணை ஒன்று கூட்டு. மூன்று வரிகள். அவற்றைச் சுற்றி லொக், அதாவது ஒரு த்ரெட் முடிக்கும்வரை மற்றதை மறிக்கும் பூட்டு, எதுவும் இல்லை.

ஏன் இல்லை? நான் சேரும் முன்பே விலகிப்போன ஒருவர் எழுதியது அது. அவர் கவனக்குறைவான ஆள் இல்லை. அவருக்கு லொக் தேவைப்படவில்லை. பேஸ்மென்டில் லைன் ஒன்றுதான் என்றால், தொலைபேசிக்குப் பக்கத்தில் உள்ள குறிப்புக் கொப்பியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதுவார். தான் எழுதி முடித்த பிறகே அடுத்தவருக்கு முறை கொடுப்பார். பழைய லைப்ரரியில் ஒரு த்ரெட் தானாக விட்டுக்கொடுத்தால் ஒழிய இன்னொன்று ஓடாது. இரண்டு விட்டுக்கொடுப்புகளுக்கு நடுவில் உள்ள ஒவ்வொரு வரியும் தனியறை மாதிரி. நான் அந்த அறைகளின் சுவர்களை எடுத்துவிட்டேன். எடுப்பது தெரியாமலே எடுத்தேன்.

இரண்டு லைன்களில் ஒரே கணத்தில் அழைப்பு வந்தால் இரண்டு த்ரெட்களும் எண்ணைப் பார்க்கும். இரண்டுக்கும் நாற்பத்தொன்று என்று தெரியும். இரண்டும் நாற்பத்தோராம் இடத்தில் எழுதும். பிந்தி எழுதியது நிற்கும். முந்தி எழுதியது இல்லாமல் போகும். ஆனால் அந்த வீட்டுப் பெட்டிக்கு, கிடைத்துவிட்டது என்ற பதில் ஏற்கெனவே போயிருக்கும்.

ஏன் எட்டரை என்பதும் அப்போதுதான் விளங்கியது. பெட்டிகள் ஒவ்வொன்றும் நாளுக்கு ஒரு தரம் தன்னைத்தானே சோதித்து நிலையத்துக்கு ஒரு அழைப்பு அனுப்பும். பொருத்தப் போகிறவர்கள் அந்த நேரத்தை மாற்றுவதில்லை. பெரும்பாலான பெட்டிகளில் அது எட்டரை. நான்கு லைன்களும் அப்போது மூச்சு விடாமல் வேலை செய்யும். பிள்ளைகளும் மருமக்களும் வேலைக்குப் போய், வயதானவர்கள் தனியாக விடப்படும் நேரமும் அதுதான்.

நினைப்பது ஒன்று, காட்டுவது ஒன்று. எங்கள் ஒரு புரொசெசர் இயந்திரத்தில் இதை எப்படிக் காட்டுவது? எண்ணைப் பார்க்கும் வரிக்கும் எழுதும் வரிக்கும் நடுவில் ஒரு சின்னத் தூக்கத்தை, த்ரெட்டைக் கணநேரம் நிறுத்தும் கட்டளையை, வைத்தேன். அந்த இடத்தில் கேர்னல் கட்டாயம் த்ரெட்டை மாற்ற வேண்டும். நூறு போலி அழைப்புகளை அனுப்பினேன். திரைக்கு வந்தவை எண்பத்தாறு. பிழைச் செய்தி எதுவும் இல்லை. பதினான்கு பேர் சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தார்கள்.

கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். மணி பதினொன்று.

4. ரவி அண்ணை

ரவி அண்ணை எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாளர். என்னை வேலைக்கு எடுத்தவர். முதலாளி கென் அன்று வன்கூவரில் இருந்தார். மறுநாள் பின்னேரம்தான் வருவார். ஆகவே முடிவு எடுக்க வேண்டியவர் ரவி அண்ணை.

எண்பத்தாறைக் காட்டினேன். அவர் தானே மூன்று தரம் ஓட்டிப் பார்த்தார். எண்பத்தெட்டு, எண்பத்தைந்து, எண்பத்தாறு.

"உது நீர் வேணுமெண்டு வைச்ச நித்திரை," என்றார். "நித்திரையை எடுத்துப்போட்டுப் பார்த்தால்?"

"ஒண்டும் தவறாது. இந்த மெஷினிலை."

"அப்ப அங்கை எத்தினைக்கு ஒண்டு தவறும்?"

தெரியாது என்றேன். கனகசபை அங்கிளுக்கு இரண்டு தரம் என்பதுதான் தெரியும். அவர் ஒவ்வொரு நாளும் அமத்துவதால் தெரிந்தது. வருஷத்துக்கு ஒரு தரம் அமத்துகிறவர்களுக்கு நடந்திருந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

அவர் கதவைச் சாத்தினார். புரோகிராமை ஒரு புரொசெசரில் மட்டும் ஓடும்படி கட்டிவிடலாமே என்று கேட்டார். ஒரு கட்டளை, நிலையத்துக்குச் சொல்லக்கூடத் தேவையில்லை. நானும் அதை யோசித்திருந்தேன். போதாது என்றேன். இவை இப்போது கேர்னல் த்ரெட்கள். ஒரு புரொசெசரில் ஓடினாலும் நேரம் முடிந்ததும் கேர்னல் ஒன்றை எந்த வரியிலும் நிறுத்திவிட்டு மற்றதை ஏற்றும். அந்த மூன்று வரிகளுக்கு நடுவிலும் நிறுத்தும். நடப்பது குறையும், நிற்காது.

அப்படியென்றால் அந்த மூன்று வரிகளுக்கு ஒரு லொக் போடு என்றார். பத்து நிமிஷ வேலை. அதற்கும் என்னிடம் ஒரு தாள் இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட த்ரெட்கள் தொடும் இடங்களைக் காலையிலிருந்து எழுதிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வந்திருந்தது, பாதிக் கோட்தான் பார்த்து முடித்திருந்தேன். பழைய பதிப்பைத் திருப்பிப் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை. பழையது உறையும். அழைப்புப் பிந்தும். ஆனால் தொலையாது.

அவர் என் தாளை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு, தன்னோடு தானே பேசுவதுபோல, திருப்பிப் போட்டால் காரணம் கேட்பார்கள், காரணம் சொன்னால் போய்விடுவார்கள், அவர்கள் போனால் கென் பாதிப் பேரை அனுப்பிவிடுவார் என்றார். அவர் அந்த மாதம்தான் யூனியன்வில்லில் வீட்டுக்குக் கையெழுத்து வைத்திருந்தார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பிழையைப் போட்டவள் நான். அனுப்புகிற பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

"நாளைக்குப் பின்னேரம் கென் வரட்டும்," என்றார். "வந்த உடனை நானே கதைக்கிறன்."

"அதுக்கிடையிலை இன்னுமொரு எட்டரை வரும் அண்ணை."

அவர் என்னைப் பார்த்தார். மேசையிலிருந்த தாளைப் பார்த்தார். எழும்பி ஜாக்கெட்டை எடுத்தார்.

"பழைய பதிப்பு இருக்கிற ரேப் நாடாவை எடுத்துக்கொண்டு வாரும். காரிலை வைச்சு எனக்கு இன்னொருக்காச் சொல்லும். அங்கை போய் நான் தடுமாறக்கூடாது."

5. நான்கு நிமிஷம்

நிலைய மேலாளர் கனடாக்காரப் பெண்மணி, மெதுவாகப் பேசுவார். ரவி அண்ணை சுற்றிவளைக்கவில்லை. எங்கள் மாற்றத்தால் சில அழைப்புகள் தொலைகின்றன, எத்தனை என்று தெரியாது, பழைய பதிப்பை இப்போதே திருப்பிப் போட வந்திருக்கிறோம் என்றார். நடந்தது எங்கள் பிழை என்று, அவர் கேட்பதற்கு முன்பே சொன்னார். மேலாளர் ஒரு கேள்விதான் கேட்டார்: இப்போது நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதும் தொலைகிறதா? இருக்கலாம் என்றேன். உடனே செய்யுங்கள் என்றார்.

உடனே செய்வதிலும் ஒரு பயம் இருந்தது. புதியதை நிறுத்திப் பழையதைத் தொடங்க நான்கு நிமிஷம் பிடிக்கும். வாடிக்கையாளர் பட்டியல் முழுவதையும் அது வாசித்து முடிக்க வேண்டும். அந்த நான்கு நிமிஷமும் நிலையத்துக்குக் காது கிடையாது. பதில் கிடைக்காத பெட்டி ஐந்து நிமிஷம் வரை தானே திரும்பத் திரும்ப டயல் செய்யும் என்று கையேட்டில் இருந்தது. யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை.

அழைப்புக் குறைவான நேரம் இரண்டு மணி என்று ஸ்ரெல்லா அன்ரி சொன்னார். இரண்டுக்கு நிறுத்தினேன்.

முதல் நிமிஷம் ஒன்றுமில்லை. இரண்டாவது நிமிஷம் ஒன்றுமில்லை. மூன்றாவதில் மொடெம் தட்டில் இரண்டாவது லைனின் சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியது. யாரோ எடுக்கிறார்கள். நாங்கள் நான்கு பேரும் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது நின்றது. திரும்ப மின்னியது. நின்றது. மறுமுனையில் இருப்பது பெட்டியின் சோதனையா, தரையில் கிடக்கும் ஒரு மனிதரா என்று அந்த விளக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது.

"மாதாவே, இது என்னத்துக்கு இவ்வளவு மெதுவாய் வாசிக்குது," என்றார் அன்ரி. "அவை அவையின்ரை பேரை எனக்குத் தெரியும், நானே சொல்லுவன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. திரை வந்தது. இரண்டாவது லைனில் இருந்தது ஒரு பெட்டியின் சுயசோதனை. நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

6. தாள் சுருள்

எத்தனை தொலைந்தன என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. லைன்களை முதலில் எடுக்கும் ரிசீவர் கருவி, எங்கள் மென்பொருளுக்குக் கொடுப்பதற்கு முன், தன்னுடைய சின்ன பிரிண்டரில் ஒவ்வொரு அழைப்பையும் ஒரு தாள் சுருளில் அடிக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. சுருள் முடிந்தால் பெட்டியில் போட்டுப் புதியது மாட்டுவார்கள். ஒன்பது நாள் சுருளையும் நிலத்தில் விரித்து, ஸ்ரெல்லா அன்ரி இலக்கம் வாசிக்க, நான் எங்கள் பதிவில் தேடினேன். ரவி அண்ணை முழங்காலில் நின்று சுருளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான்கரை மணிக்குப் பட்டியல் முடிந்தது. தொலைந்தவை இருபத்தேழு. இருபத்துமூன்று சுயசோதனைகள். நான்கு அழைப்புகள் கையால் அமத்தியவை. அந்த நான்கில் இரண்டு கனகசபை அங்கிள். ஒன்று டான்போர்த் பக்கம் ஒரு இத்தாலிய முதியவர், அன்ரி எடுத்தார், சவரம் செய்யும்போது தவறுதலாக அமத்திவிட்டாராம், ஒருவரும் கேட்காததற்கு நன்றி என்றாராம்.

நான்காவது, மூன்றாம் நாள், காலை எட்டு முப்பத்தொன்று. பரமேஸ்வரி, யூனியன்வில்.

மேலாளர் அந்தக் கோப்பை எடுத்து வந்தார். அதில் ஏற்கெனவே ஒரு தாள் இருந்தது. அந்த அம்மாவின் மகள் அன்று பின்னேரம் நிலையத்துக்கு எடுத்திருக்கிறார். அம்மா உடுப்புத் தோய்க்கும் அறையில் விழுந்து, பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும்வரை தரையில் கிடந்ததாகவும், பட்டனை அமத்தினேன் என்று சொல்வதாகவும் முறையிட்டிருக்கிறார். அலுவலகத்தில் யாரோ எங்கள் மென்பொருளின் பதிவைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லியிருக்கிறார்கள்: பதிவில் அழைப்பு எதுவும் இல்லை, அவர் அமத்தவில்லை.

அமத்தவில்லை என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அது நான் மாற்றிய புரோகிராம் எழுதிய பதிவு.

நான் எடுக்கிறேன் என்றேன். கென் வரும்வரை வாடிக்கையாளர்களிடம் எதுவும் சொல்லாமல் இருந்தால் நல்லது என்று ரவி அண்ணை தொடங்கினார். பாதியில் நிறுத்தி, தொலைபேசியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

பரமேஸ்வரி அன்ரியே எடுத்தார். மெல்லிய குரல். இடுப்பு முறியவில்லை, கன்றிப்போய்விட்டது, நடக்கிறேன் என்றார். என்ன நடந்தது என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அமத்தினது மாதிரித்தான் இருந்தது பிள்ளை. பெட்டி என்னவோ சொன்னது மாதிரியும் இருந்தது. ஒருக்கா அமத்தினாக் காணும், திருப்பித் திருப்பி அமத்தக்கூடாதெண்டு பெட்டி பொருத்த வந்த பெடியன் சொன்னவன். அதாலை நான் பொறுத்துக்கொண்டு கிடந்தன். பேந்து இவை சொல்லுகினம் நான் அமத்தவேயில்லையாம். எனக்கு மறதி வந்திட்டுதாக்கும்."

மகள் அவரை ஞாபகசக்தி பார்க்கும் டொக்டரிடம் காட்ட நாள் எடுத்திருந்தார். அடுப்பின் திருகுகளைக் கழற்றி வைத்திருந்தார். பகலில் ஆள் பார்க்கும் இல்லம் ஒன்றில் இடம் கேட்டிருந்தார். அந்த அம்மாவும் ஆறு நாட்களாகத் தன் தலையைத் தானே நம்பாமல், தேத்தண்ணீர்கூடப் போடாமல் கதிரையில் இருந்திருக்கிறார். அவர் இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. மகள் செய்வது சரிதானே என்பது போலச் சொன்னார்.

"அன்ரி, நீங்கள் அமத்தினீங்கள்," என்றேன். "எட்டு முப்பத்தொண்டுக்கு. எங்களுக்கு வந்தது. நாங்கள்தான் துலைச்சுப்போட்டம். எங்கடை கொம்பியூட்டர்ப் பிழை. அதை எழுதினது நான்."

ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"மகளிட்டைச் சொல்லுவியே பிள்ளை?"

"ஓம் அன்ரி, சொல்லுறன்."

"பின்னேரத்துக்கு விடாதை. இப்ப சொல்லு. வேலையிடத்து நம்பர் தாறன், எழுது."

அவர் ஒரு இலக்கமும் தடுமாறாமல், தாளைப் பார்க்காமல், அந்த எண்ணைச் சொன்னார்.

மகளுக்கு எடுத்துச் சொன்னேன். எந்தக் கம்பனி, என் பெயர் என்ன, இதை எழுத்தில் தருவீர்களா என்று வரிசையாகக் கேட்டார். தருவோம் என்றேன். ரவி அண்ணை அங்கேயே நிலையத்தின் தாள் ஒன்றை வாங்கிக் கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தார். மகள் கடைசியாகக் கேட்டது என்னிடம் அல்ல என்று நினைக்கிறேன்: "நான் அவவைக் குழந்தைப்பிள்ளை மாதிரியெல்லே நடத்திப்போட்டன்?"

7. அதற்குப் பிறகு

கென் மறுநாள் வந்து சத்தம் போட்டார். யாரையும் அனுப்பவில்லை. நிலையம் ஒப்பந்தத்தை முறிக்கவில்லை. ஆனால் நாங்கள் திருத்திக் கொண்டுவரும் எதையும், தங்கள் ஆள் பக்கத்தில் நிற்க, இரண்டு புரொசெசர் இயந்திரத்தில் இரண்டு கிழமை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று எழுதி வாங்கியது. அந்த இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தோம். என் பட்டியல் பத்தொன்பதிலிருந்து முப்பத்திரண்டாக வளர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் லொக் போட்டு, தூக்கம் வைத்துச் சோதித்து முடிக்க ஏழு கிழமை பிடித்தது. அந்த ஏழு கிழமையும் நிலையம் பழையபடி உறைந்து உறைந்து ஓடியது. ஒவ்வொரு காலையும் எட்டரைக்கு நான் மேசையில் இருந்தேன். தொலைபேசி அடிக்கக்கூடாது என்று இருந்தேன்.

வேலைக்குப் போகும் உங்களுக்கு நான் சொல்லக்கூடியவை இவை.

யூசர் லெவலிலிருந்து கேர்னல் லெவலுக்கு மாற்றுவதை ஒரு லைப்ரரியை மாற்றுவது என்று நினைக்காதீர்கள். பழைய கோட் எதை நம்பி எழுதப்பட்டது என்று முதலில் எழுதுங்கள். நம்பியவர் அதை எங்கேயும் எழுதி வைத்திருக்க மாட்டார்.

எத்தனை புரொசெசரில் ஓடப்போகிறதோ அத்தனை புரொசெசரில் சோதியுங்கள். கிடைக்கவில்லை என்றால், சோதிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்து வையுங்கள்.

ஒரு அழைப்பைப் பத்திரமாக எழுதி முடிக்கும் முன் கிடைத்துவிட்டது என்று பதில் அனுப்பாதீர்கள். இப்போது எங்கள் கோட்டில் பதில் கடைசி வரி.

இன்னும் ஒன்று. எங்கள் திரையில் முன்பு "அழைப்பு இல்லை" என்று காட்டிய இடத்தில் இப்போது "எங்களிடம் பதிவு இல்லை" என்று காட்டுகிறது. மாற்றும்படி யாரும் கேட்கவில்லை. கென், இரண்டும் ஒன்றுதானே என்றார். ஒரு அம்மா ஆறு நாள் கதிரையில் இருந்ததைச் சொன்னேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.